தேரிக்குப் போன குளிர்

சஸ்கட்டூன் குளிர்காலத்தை வெள்ளை என்று படத்தில் பார்த்தவர்கள்தான் சொல்வார்கள். ஐந்து மாதம் அதற்குள் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அது தேய்க்காமல் போட்ட அலுமினியச் சட்டியின் நிறம். வானம் அந்த நிறம், சாலை அந்த நிறம். பிப்ரவரி பிறப்பதற்குள் மனிதர்களின் முகமும் அந்த நிறத்துக்கு வந்துவிடும்.

எப்சிபாவின் முகம் மட்டும் மூன்று வருடமாக அப்படி ஆகவில்லை.

அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். கணவர் எட்வின் வடக்கே சுரங்கத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்கு வந்து, நன்றாகத் தூங்கி, திரும்பிப் போவார். மற்ற நாட்களில் இருட்டோடு எழுந்து இருட்டோடு கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் நிற்பது அவள் பாடு. இந்த ஊருக்கு என்னத்துக்கு வந்தோம் என்று அந்த நிறுத்தத்தில் நின்று அவள் அழுத காலம் உண்டு. விருந்துப் பட்டை வந்தபிறகு அந்த அழுகை நின்றுவிட்டது.

அன்றும் வழக்கம்போலத்தான் வந்து நின்றாள். பொங்கல் கழிந்து சில நாட்கள். நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பில் பனி கெட்டியாகப் படர்ந்திருந்தது. எப்சிபா காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டையை விரலால் ஒருமுறை அழுத்தினாள்.

உள்ளங்காலில் மணல் வந்தது.

பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு, சாயங்காலமானதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும் தேரிமணல். கைகளில் மேற்கு வெயிலின் கடைசிச் சூடு. மூக்கில் வெந்நீர் அடுப்புப் புகை. நாக்கில் கருப்பட்டிக் காப்பி.

"வந்துட்டியா பிள்ள?" என்று காதருகே ஒரு குரல் கேட்டது.

"வந்துட்டேன் மைனி. இன்னைக்குக் காப்பியில சுக்கு போட்டிருக்கீங்க."

"கள்ளி. ஒரு சொட்டு விழுந்தாலும் கண்டுபிடிச்சிருவா."

அந்தக் குரல் தங்கபுஷ்பத்தினுடையது. எப்சிபாவின் அண்ணன் சாலமோனின் மனைவி. உடன்குடியைத் தாண்டி, செம்மணல் மேடுகளான தேரியின் ஓரத்தில் அவர்கள் வீடு. சாலமோனுக்கு உடன்குடியில் பாத்திரக் கடை.

பட்டைக்குக் கம்பெனி ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. யார் வாயிலும் அது நுழையவில்லை. குளிர் நாட்டில் கிடக்கும் தமிழர்கள் அதற்கு விருந்துப் பட்டை என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்தது. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் ஒட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தியதும் அங்கே இருப்பவரின் தோலும் நாக்கும் மூக்கும் இங்கே இருப்பவருக்கு வந்துவிடும். குரல் இரண்டு பக்கமும் கேட்கும். பார்வை மட்டும் அவரவரிடமே இருக்கும். அதனால்தான் எப்சிபா கண்ணால் பனியைப் பார்த்துக்கொண்டே காலால் தேரியை மிதிக்க முடிந்தது.

ஆனால் யாரோடு வேண்டுமானாலும் அது ஒட்டிவிடாது. தொட்டுப் பழகிய உடம்பாக இருக்கவேண்டும். முதலில் எப்சிபா அண்ணனோடுதான் சேர்த்துப் பார்த்தாள். அண்ணனின் கடைவாய்ப் பல்வலியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எட்வின் சிரிப்பார். தங்கபுஷ்பத்தோடு சேர்த்ததும் முதல் அழுத்தலிலேயே ஒட்டிக்கொண்டது. அதில் ஆச்சரியமில்லை. எப்சிபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில் அம்மை போட்டது. அப்போது வேப்பிலைத் தண்ணீரில் துணி நனைத்து, இரவும் பகலும் அவள் உடம்பைத் துடைத்துவிட்டவள் இந்த மதினிதான். அந்த உடம்பை அந்தக் கை மறக்கவில்லை.

ஆக, ஒவ்வொரு நாளும் இங்கே காலையில், தேரியில் சாயங்காலமாகும்போது, எப்சிபா அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போனாள். பேருந்துக்கு நிற்கும்போது போனாள். சனிக்கிழமைகளில் வாசல் பனியைத் தள்ளும்போது போனாள். எப்போதெல்லாம் குளிர் தாங்க முடியாதோ அப்போதெல்லாம் போனாள். அவளைப் பொறுத்தவரை பட்டை என்பது குளிரை அழிக்கும் கருவி. அழிந்த குளிர் எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை.

மதினியிடம் சில நாட்களாக விநோதமான பழக்கங்கள் தெரிந்தன. ஒருநாள் தேரிக்குப் போனதும் தோளெல்லாம் அரித்தது.

"என்ன மைனி, கம்பளியா போட்டிருக்கீங்க? முள்ளு மாதிரி குத்துது."

"நீ தந்த சுவெட்டர்தான் பிள்ள. சும்மா போட்டுப் பாத்தேன்."

எப்சிபா விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழெட்டு வருடத்துக்கு முன் நேரில் ஊருக்குப் போனபோது, தள்ளுபடியில் கிடைத்ததென்று ஒரு தடித்த நீலச் சுவெட்டரை மதினிக்குக் கொண்டுபோயிருந்தாள். தேரியில் கம்பளிச் சட்டை! சபைப் பெண்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். மதினி அதைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள்.

"ஊரு என்ன சொல்லும்? காஷ்மீர் மகாராணின்னு கூப்பிடப்போறாங்க."

"இப்பவே கூப்பிடுதாங்க. பால்காரி கூட கேட்டுட்டா, காச்சலா அக்கான்னு."

"கழட்டுங்க மைனி. எனக்கு வெயில் மேல படணும். அதுக்குத்தானே வாரேன்."

"சரி பிள்ள" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு கழற்றிவிட்டாள். வெயில் நேராக வந்து எப்சிபாவின் தோளில் விழுந்தது.

இன்னொரு நாள் மதினியின் பல் கிடுகிடுவென்று அடித்தது.

"பல்லு ஏன் மைனி இப்படி அடிக்குது?"

"அடிக்கல பிள்ள. இஞ்சிமிட்டாய் கடிக்கேன்."

நாக்கில் இஞ்சி இல்லை. எந்த மிட்டாயும் இல்லை. அது எப்சிபாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பேருந்து வர இன்னும் நேரமிருந்தது, மணல் இதமாக இருந்தது, கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும். பின்னாளில் தன் குற்றங்களை அவள் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, முதலில் வந்து நின்றது இந்த இஞ்சிமிட்டாய்தான்.

அந்தப் பொங்கல் கழிந்த நாளுக்கு வருவோம்.

"எப்சி, கையுறை போட்டிருக்கியா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். தினமும் கேட்கும் கேள்விதான்.

"இல்ல மைனி. அதை மாட்டிக்கிட்டு போனை நோண்ட முடியாது. எனக்குத்தான் குளிரலையே."

"குளிரலைன்னாலும் போட்டுக்கிடணும் பிள்ள. வெரலு முக்கியம்லா."

"சரி, நாளைக்குப் போடுதேன்."

நேற்றும் அவள் அதையே சொல்லியிருந்தாள். தங்கபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். "இரு, கையை அடுப்புல காட்டுதேன். உனக்காவது சூடு கேக்கட்டும்."

உனக்காவது என்ற சொல் எப்சிபாவின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மணலில் கால் புதையும் சத்தம். விறகு வெடிக்கும் சத்தம். பிறகு இரண்டு உள்ளங்கைகளிலும் வெதுவெதுப்பு ஊறி, விரல் நுனிவரை பரவியது.

"ஆகா" என்றாள் எப்சிபா. "நல்லா இருக்கு மைனி. இன்னும் கொஞ்சம் கிட்டக்க."

"போதும்னா சொல்லிரணும், என்ன? நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"ம்."

எப்சிபா போனில் யாரோ மீன்குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு ஏறியது. சுகமாகத்தான் ஏறியது. சற்று அதிகமாகிறதோ என்று நினைத்தாள், குழம்பு கொதிக்கும் இடம் வந்ததால் சொல்லவில்லை. அப்போது அடுப்பில் ஏதோ சரிந்தது. வலது கையில் நெருப்புத் துண்டு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது போல வலி பாய்ந்தது.

"அம்மா!" என்று அலறி, பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

அடுத்த நொடி சஸ்கட்டூன் முழுவதும் அவள்மேல் வந்து விழுந்தது. வெறும் விரல்கள் ஊசிகளாயின. கண்ணீர் இமையிலேயே உறைந்தது. பேருந்தும் வந்துவிட்டது. பட்டையைப் பனியிலிருந்து பொறுக்கிக்கொண்டு ஏறினாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மதினியைப் பற்றி நினைக்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கருவி கெட்டுவிட்டது, இனி இந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்று.

வேலை இடைவேளையில் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். தமிழுக்கென்று டொராண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். பெயர் நிரோஷினி.

"பட்டை கையைச் சுட்டுருச்சும்மா. வேற மாத்தித் தரணும்" என்றாள் எப்சிபா.

"பொறுங்கோ அக்கா, பாக்கிறன்." தட்டச்சுச் சத்தம். "பட்டையில பிழை ஒண்டும் இல்லை. அங்கால உங்கட ஆள் ஆர்? மச்சாளோ? அவ சுகமா இருக்கிறாவோ?"

"அவங்களுக்கென்ன?"

"சுட்டது பட்டை இல்லை அக்கா, நெருப்பு. அவவின்ர கையில. நீங்கள் சொல்லேல்லையோ?"

"நான் என்னத்தைச் சொல்ல? வலி தாங்காம பிடுங்கிட்டேன்."

நிரோஷினியின் குரல் தணிந்து வந்தது.

"அக்கா, நீங்கள் அங்க போய் நிக்கேக்க, அவவின்ர தோல் உங்களிட்ட வந்திடும். அவவுக்குத் தன்ர கை சுடுறது தெரியாது. நீங்கள்தான் அவவுக்குக் காவல். வாயால சொல்லியிருந்தா உடன கையை எடுத்திருப்பா. பிடுங்கினா, உணர்வு திரும்பிப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் அந்தக் கை ஒருதருக்கும் சொந்தமில்லாமல் நெருப்புக்குள்ள இருந்திருக்கும்."

எப்சிபா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அப்ப... நான் அங்க இருக்கும்போது என் உடம்புக்கு யாரு காவல்?"

"அவதான்."

"அப்படீன்னா?"

"உங்கட குளிர் எங்க போகுது எண்டு நினைச்சனீங்கள் அக்கா?" அந்தப் பெண் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. "தோலை மரத்துப்போகப் பண்ணிவிட்டால் ஆக்கள் விறைச்சுச் செத்துப்போவினம். ஆராவது ஒருதர் அதை உணரத்தான் வேணும். முதலே வீடியோவில எல்லாம் விளங்கப்படுத்தினவையே."

அந்த வீடியோவை எப்சிபா கட்டைவிரலால் தள்ளிவிட்டிருந்தாள். தங்கபுஷ்பத்தைக் கம்பெனி ஆட்கள் உடன்குடியில் உட்காரவைத்து, முழு வீடியோவையும் காட்டி, விளங்கிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் பட்டையை ஒட்டியிருக்கிறார்கள் என்பதை நிரோஷினி பதிவைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்று குளிர்காலம். எப்சிபா வெயில் காய்ந்த ஒவ்வொரு காலையிலும், தேரியில் சூடு தணியாத மணல்மேல் நின்றுகொண்டு ஒருத்தி பனியில் விறைத்திருக்கிறாள். கையுறை போட்டிருக்கியா என்று அவள் தினமும் கேட்டதற்கு அர்த்தம், என் கை விறைக்கிறது என்பதுதான். விருந்தாளியிடம் அதை அதற்குமேல் எப்படிச் சொல்வது? சோறு பற்றாத வீட்டில்கூட, எங்களுக்குப் பசி இல்லை, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லும் சாதியல்லவா நம் பெண்கள்.

ஊருக்குக் கூப்பிட்டபோது சாலமோன் எடுத்தார்.

"அண்ணே, மைனிக்கு..."

"இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தோம். வலது உள்ளங்கை. தோல் பிடிக்க நாளாகுமாம்." அவர் சத்தம் போடும் ஆளில்லை. அன்றும் போடவில்லை. "ஒண்ணு கேக்கேன் எப்சி. பட்டையைப் பிடுங்கினியே, அதுக்கப்புறம் ஒரு போன் போடணும்னு தோணலையா உனக்கு?"

"கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் அண்ணே."

"கருவி" என்றார் சாலமோன். ஒரு சொல்தான். எப்சிபாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"எனக்குத் தெரியாது அண்ணே, சத்தியமா. என் குளிரு அவங்களுக்குப் போகும்னு யாரும்..."

"போகும்னு தெரியாது, சரி. அவ நடுங்குனது உனக்குத் தெரியாதா?"

இஞ்சிமிட்டாய் நினைவுக்கு வந்தது. அதற்குள் போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"ஏ பிள்ள, அழுதியா? இவங்க கிடக்காங்க. சின்னக் காயம்தான். கூறு கெட்டவ நான்தான், கங்குல போய்க் கையை விடுவாங்களா? உனக்கு வலிச்சுதோ?"

உனக்கு வலித்ததா என்று அவள் கேட்டாள். எப்சிபா போனைத் துண்டித்துவிட்டு, சமையலறைக் குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் அவள் பட்டையைத் தொடவில்லை. மதினி கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டாள். வெட்கத்துக்கு ஒரு தந்திரம் தெரியும். அது மனந்திரும்புதலைப் போல முகம் வைத்துக்கொள்ளும். ஆனால் மனந்திரும்பியவன், வேதத்தில் வரும் கெட்ட குமாரனைப் போல, எழுந்து தகப்பன் வீட்டுக்கு நடப்பான். வெட்கப்பட்டவன் போர்வைக்குள் இன்னும் ஆழமாகப் போவான். எப்சிபா போர்வைக்குள்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போனபோது, கால் வலிக்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் பொய் சொல்லி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தியின் மேஜையில் மூன்று வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள், எந்த முகத்தோடு அந்த மேஜைக்குப் போவாள்?

தண்டனையாக நினைத்தோ என்னவோ, நிறுத்தத்தில் அவள் இப்போதும் கையுறை இல்லாமலே நின்றாள்.

அதே நிறுத்தத்தில் நெடுங்காலமாக நிற்கும் ஒரு கிழவர் உண்டு. ஹரால்ட் என்று பெயர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மனைவியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறவர். அதுவரை அவர்கள் தலையசைத்துக் கொண்டதோடு சரி. அன்று அவர் பையிலிருந்து கசக்கினால் சூடேறும் இரண்டு சிறு பொட்டலங்களை எடுத்து, கசக்கி, அவள் கையில் திணித்தார்.

"பிடித்துக்கொள். உன் விரல்கள் நீலமாக இருக்கின்றன."

"பரவாயில்லை. எனக்கு இந்தக் குளிர் தேவைதான்."

"யாருக்கும் இது தேவையில்லை" என்றார் கிழவர். "மூன்று வருடமாக உன்னைப் பார்க்கிறேன். எல்லாரும் மூக்கு ஒழுக நிற்கும்போது நீ மட்டும் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு நிற்பாய். என் மனைவியிடம்கூடச் சொன்னேன், எங்கள் நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அவள் புனிதவதி அல்லது குடிகாரி என்று."

"உங்கள் மனைவி என்ன சொன்னார்?"

"புனிதவதிகள் கையுறை போடுவார்கள் என்றாள்."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பொட்டலங்கள் உள்ளங்கையில் கனன்றன. இந்த மனிதரும் கை குளிர நிற்கிறவர்தான், அவருடைய பொட்டலம்தான் இது என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் ஒரு பெட்டி நிறைய அதே பொட்டலங்களை வாங்கினாள். மறுநாள் அவரிடம் கொடுத்தபோது, "கையுறை போடாத புனிதவதியும் உண்டு என்று என் மனைவியிடம் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் தேரிக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. மஞ்சள் துணியில் பொதிந்து ஊசிநூலால் தைத்த பொட்டலம். உள்ளே சுக்குக் கருப்பட்டி. அதற்கடியில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடிக் கையுறை.

நீலக் கம்பளி. கையால் பின்னியது. தங்கபுஷ்பம் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னல் கற்றவள். அந்த நீலத்தை எப்சிபா பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். தள்ளுபடியில் வாங்கி, தேரிக்குக் கொண்டுபோய், குத்துகிறது என்று கழற்றச் சொன்ன சுவெட்டரின் நீலம். அதைப் பிரித்துப் பின்னியிருக்கிறாள். கையை நுழைத்துப் பார்த்தாள். கம்பளி குத்தவில்லை. உள்ளே முழுக்க, துவைத்துத் துவைத்து மிருதுவான ஒரு வெள்ளை நூல்சேலைத் துணியைக் கிழித்து, விரல் விரலாக உள்வரி வைத்துத் தைத்திருந்தது. வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனி மட்டும் திறந்திருந்தன, போனை நோண்டுவதற்கு வசதியாக.

எரிந்த கையால் இதைச் செய்திருக்க முடியாது. எப்சிபா நின்றபடியே போனை எடுத்தாள்.

"மைனி."

"ஏ எப்சி! உயிரோட இருக்கியா? உங்க அண்ணன் ஏதோ சொல்லிட்டாங்கன்னு கோவமோ?"

"கையுறை வந்துச்சு மைனி. எப்ப அனுப்புனீங்க?"

"அதா? பொங்கலுக்கு மறுநாளே அனுப்பிட்டேன். நீயும் நாளைக்குப் போடுதேன், நாளைக்குப் போடுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. கடையில வாங்குனது உனக்குத் தோதுப்படலபோலன்னு நெனச்சேன். அளவு சரியா இருக்கா? உன் கை அளவு எனக்குத் தெரியும்லா. தினமும் என்கிட்டதானே இருந்துச்சு."

பொங்கலுக்கு மறுநாள். நெருப்பில் கை விட்ட நாளுக்கு முன்னால். நடுக்கத்துக்குப் போட்டுக்கொள்ளத் தனக்கென்று இருந்த ஒரே கம்பளியை இந்தப் பெண் பிரித்து அனுப்பிவிட்டு, அதன் பிறகும் வெறும் தோளோடு வந்து முற்றத்தில் நின்றிருக்கிறாள்.

"மைனி, ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? குளிருதுன்னு?"

"சொன்னா நீ வரமாட்டியே பிள்ள." தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். "முதல் நாளு நீ பட்டையை அழுத்துனப்ப, உன் உடம்பு எனக்கு வந்துச்சு பாரு, குளிரு மட்டுமா வந்துச்சு? வயித்துல ஒண்ணுமில்ல. தொண்டையில அழுகை அடைச்சுக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுப் பிள்ள இந்த உடம்பைத்தான் இத்தனை வருசமா தூக்கிக்கிட்டுத் திரியுதான்னு எனக்கு ஆறவே இல்ல. கொஞ்ச நேரம் எறக்கி வைக்கட்டும், நான் பிடிச்சுக்கிடுதேன்னு நெனச்சேன். அதுல என்ன?"

எப்சிபா சுவரில் சாய்ந்தாள். மன்னிப்பு என்ற சொல் போதாது என்று பட்டது.

"கை இப்ப எப்படி இருக்கு மைனி?"

"நல்லாப் போச்சு."

"பொய் சொல்லாதீங்க. அண்ணன்கிட்ட கேக்கவா?"

"தூங்கத்தான் முடியல. கட்டுப் பிரிச்சுக் கட்டுற அன்னைக்கு ரொம்ப எரியும்."

"அடுத்து என்னைக்குப் பிரிப்பாங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நர்ஸு வீட்டுக்கே வருவா. ஏன்?"

"அன்னைக்கு விருந்துக்கு வாரேன்" என்றாள் எப்சிபா.

ஞாயிறு காலை அவள் இருட்டோடு எழுந்தாள். ஊரில் விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்கித் தெளிப்பது போல, தன் உடம்பைத் தயார் செய்தாள். வெந்நீரில் குளித்தாள். கோதுமைக் கஞ்சி காய்ச்சி வயிறு நிறையக் குடித்தாள். அறையின் சூட்டைக் கூட்டிவிட்டு, மெத்தை நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டாள். ஒரு வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் ஊற்றி அதில் கால்களை வைத்தாள். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் வெந்நீர், ஆறினால் ஊற்றிக்கொள்ள. கடைசியாக நீலக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் கையுறை போட்டுக்கொண்டு, வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் தன்னை எட்வின் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தபோது லேசாகச் சிரிப்பு வந்தது.

முதலில் போனில் கூப்பிட்டாள். "மைனி, நர்ஸு வந்தாச்சா?"

"வந்தாச்சு. பட்டையும் ஒட்டியாச்சு. ஒரு நிமிசம் இரு, மாத்திரை போட்டுக்கிடுதேன்."

"எதுக்கு? அது வயித்தைப் புரட்டுதுன்னு நீங்க போடுறதில்லன்னு அண்ணன் சொன்னாங்களே."

"இன்னைக்கு நீ வாரேல்லா. உனக்கு வலிக்கும்."

"எனக்காகப் போடாதீங்க மைனி. உள்ளது உள்ளபடி தாங்க."

"வந்த விருந்தாளிக்கு வலியவா குடுப்பாங்க?"

"மூணு வருசமா நான் உங்களுக்கு என்னத்தைக் குடுத்தேன்?"

அண்ணனின் செருமல் கேட்டது. "குடுத்துரு புஷ்பம். அவளும் தாங்கிப் பாக்கட்டும்" என்றார். அவர் குரலில் அன்றைய அந்தக் கூர்மை இல்லை.

எப்சிபா பட்டையை அழுத்தினாள்.

மணல் வந்தது, புகை வந்தது, அதற்கு முன்னால் வலி வந்தது. நர்ஸ் கட்டைப் பிரிக்கப் பிரிக்க, உள்ளங்கையை யாரோ உயிரோடு உரிப்பது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பிடுங்கி எறி என்று விரல் காதுக்குப் பின்னால் தானாக ஓடியது. அவள் அதை மடியில் இருத்திக்கொண்டாள். இந்த முறை அவள் காவலுக்கு வந்தவள்.

"மருந்து அதிகமா எரியுது மைனி, மெதுவா தடவச் சொல்லுங்க... ஆங், இப்பப் பரவாயில்ல... சுண்டுவிரல் பக்கம் துணி ஒட்டியிருக்கு, நனைச்சு எடுக்கச் சொல்லுங்க" என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். தங்கபுஷ்பம் அதை நர்ஸிடம் திருப்பிச் சொன்னாள். நெடுநேரம் கழித்துப் புதுக் கட்டு விழுந்தது. நர்ஸ் சொல்லிக்கொண்டு போனாள். வலி இன்னும் கனன்றுகொண்டுதான் இருந்தது.

"எப்சி" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரல் குழைந்திருந்தது. "கால்ல என்ன வெந்நியா? எம்மா, எவ்வளவு இதமா இருக்கு. வயிறும் நெறைஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் பிள்ள நீ சாப்பிட்டுட்டு வந்திருக்கே."

"தூங்குங்க மைனி. கட்டில்ல சாஞ்சுக்கோங்க. நான் இருக்கேன்."

"நீ எந்திரிச்சுப் போகணும்லா."

"போகல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

கட்டில் கயிறு முனகியது. வெளியே ஜன்னலில் அலுமினியச் சட்டி வானம் வெளுக்காமல் நின்றது. எப்சிபா வாளித் தண்ணீர் ஆறாதபடி, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றினாள். மதினியின் மூச்சு நீண்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்த நேரத்தில் அந்தக் குரல் மறுபடி வந்தது, அரைத்தூக்கத்தில்.

"ஏ பிள்ள... கையுறை போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மைனி."

"குத்துதா?"

எப்சிபா நீலக் கையுறைக்குள் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். அவற்றில் அவளுக்கு எந்த உணர்வும் இல்லை. அவளிடம் இருந்தது வெந்துபோன ஓர் உள்ளங்கை மட்டும்தான்.

"நீங்கதான் மைனி சொல்லணும்" என்றாள். "குத்துதா?"

கட்டில் கயிறு மறுபடி முனகியது.

"இல்ல" என்றாள் தங்கபுஷ்பம். "இது என் வெள்ளச் சேல."